வீட்டு மதிப்பீடும் நிலவறையும்: ஒலுவிற் கரையோரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

வீடு கட்டுதல் பற்றிய பேச்சு நமது ஆய்வேடுகளில் இடம்பெறுவது அரிது. கோயிற் கட்டடக்கலை பற்றியும் பள்ளிவாசல்களின் மினாராக்கள் பற்றியும் எழுதியோர் உளர். நண்பகல் நிழலைக்கொண்டு திசையறிந்து கயிறிட்டு அரண்மனைக்கு மனைவகுத்த முறையினை நெடுநல்வாடை கூறும். அதனை உரையாசிரியர்களும் விரித்துரைத்தனர். ஆனால் ஓர் ஆசிரியரோ மீனவரோ தமது பத்துப் பேர்ச் வளவில் எழுப்பும் வீட்டுக்கு எவ்வளவு செலவாகும் என்ற கணக்கு, இலக்கிய மாணவரின் கவனத்துக்குரியதாகக் கொள்ளப்பட்டதில்லை. மேசனின் குறிப்புப் புத்தகத்தில் பென்சிலால் எழுதப்படும் அக்கணக்கும் ஓர் எழுத்துருவமே. எவை அதில் உருப்படிகளாக ஏறுகின்றன, எவை ஏறாது விடுபடுகின்றன என்பதை நோக்குமிடத்து, அதனை எழுதுவித்த சமூகத்தின் உற்பத்தி உறவுகள் பற்றிப் பல செய்திகளை அறியலாம்.

அம்பாறை மாவட்டக் கரையோரத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணமுண்டு. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அக்கரைப்பற்று என வடக்கிருந்து தெற்காக அமைந்த ஊர்கள் யாவும் கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பட்டியில் நெருங்கிக் கிடப்பன. வயலை நிரப்பி வீடு கட்டினால் நெல் போகும். கடற்பக்கம் நகர்ந்தால் வீடே போகும். மக்கள் பெருக, வளவுகள் பெண்மக்களிடையே பிரிந்து சுருங்குகின்றன. எனவே பக்கவாட்டில் விரிய இயலாத வீடு மேலே எழவேண்டும், அல்லது கீழே இறங்கவேண்டும். மாடி வைப்பதா, நிலவறை அமைப்பதா என்ற வினா இப்பகுதியில் ஆடம்பரத்தினின்று பிறப்பதன்று, காணியின்மையினின்று பிறப்பது.

முதலிற் சொல்லைத் தெளிவுபடுத்தல் வேண்டும். தமிழ்நாட்டுக் கட்டட வேலையாட்கள் 'பேஸ்மட்டம்' என்று கூறுவது நிலமட்டத்துக்கு மேலே, தளத்துக்குக் கீழே, மண் நிரப்பிக் கட்டப்படும் மேடைப்பகுதியை. ஆங்கிலச் சொல் அங்கே பொருள் மாறி வழங்குகிறது. நிலத்துக்குக் கீழே மனிதர் புழங்கத்தக்கதாய் அமையும் அறையே நாம் ஈண்டுக் கருதும் நிலவறை. தமிழ்நாட்டு வழிகாட்டி நூலொன்றைப் பார்த்து 'பேஸ்மட்டத்துடன்' வீடு கட்டும் செலவைக் கணிக்க முற்படும் நமது வாசகர், மண் நிரப்பும் செலவை அறை தோண்டும் செலவென மயங்கக்கூடும். இரண்டுக்கும் உள்ள தூரம் சிறிதன்று. தமிழிலக்கியம் நிலத்தடிக் கட்டுமானத்தை அறியாததுமன்று. சிலப்பதிகாரம் மதுரையின் சுருங்கையைக் குறிப்பிடுகிறது. ஆயின் அது கோநகரின் கோட்டையைச் சார்ந்தது. குடிமக்களின் இல்லத்தைச் சார்ந்ததன்று.

மதிப்பீடு செய்யும் முறைகள் இரண்டு. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை வைத்துப் பரப்பளவால் பெருக்குவது ஒன்று. வேலையை உருப்படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அளவு கண்டு விலையிடுவது மற்றையது. முன்னையது எளிது, பரவலானது, ஏமாற்றுவது. 20 அடிக்கு 25 அடியாக அமைந்த 500 சதுர அடி வீட்டின் புறச்சுவர் 90 அடி நீளம். 25 அடிக்கு 40 அடியாக 1,000 சதுர அடி ஆக்கினால் புறச்சுவர் 130 அடிதான். பரப்பு இருமடங்காகியும் சுவர் ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை. குசினியும் கழிவறையும் இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொன்றே. ஆதலால் சதுர அடிக்கணக்கிற் சிறிய வீடே விலைகூடியது. பெரிய வீடுகளைக் கொண்டு பெறப்பட்ட சராசரியை ஏழையின் சிறு வீட்டுக்குப் பிரயோகிக்கும்போது கணக்கு எப்போதும் குறைந்தே வரும். அரைவாசியில் நிற்கும் சுவர்கள் பல இவ்வாறு தோன்றியனவே. சராசரி என்பது வர்க்கச் சார்பற்ற ஓர் எண் அன்று என்பதற்கு இதனிலும் எளிய சான்று வேண்டியதில்லை.

உருப்படிக் கணக்கு எவ்வாறு நிகழ்கின்றது? நம் நாட்டில் மணலும் கல்லும் 'கியூப்' கணக்கில் விற்கப்படும். ஒரு கியூப் 100 கன அடி. 16 அங்குலத்துக்கு 8 அங்குலமான சீமெந்துக் கல்லால் 100 சதுர அடிச் சுவர் எழுப்ப ஏறத்தாழ 112 கற்கள் வேண்டும். உடைவுக்குச் சில கூட்டிக்கொள்வர். சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நான்கு என்ற கலவையில் ஒரு கியூப் கொங்கிறீற்றுக்கு 50 கிலோ மூட்டைகள் 18, மணல் 44 கன அடி, சல்லி 88 கன அடி செல்லும். உலர்ந்த பொருட்களைக் கலந்து இடிக்கும்போது இடைவெளிகள் நிரம்பிக் கனவளவு சுருங்குவதால், 100 கன அடி பெற 154 கன அடி உலர்பொருள் இடவேண்டியுள்ளது. புதிதாக வீடு கட்டுவோர் பலர் தடுமாறும் இடம் இதுவே. நூறு வேண்டுமெனில் நூறு வாங்கினாற் போதுமென்று எண்ணுவது இயல்பு. வேலை நடுவில் நிற்கும்போதுதான் குறை தெரியவரும்.

500 சதுர அடி வீடொன்றின் சுவர்களுக்குக் கீழே 120 அடி நீளம், 2 அடி அகலம், இரண்டரை அடி ஆழமாக அத்திவாரக் கிடங்கு வெட்டப்படுவதாகக் கொள்வோம். தோண்டவேண்டிய மண் 600 கன அடி, அதாவது 6 கியூப். இரண்டு மூன்று கூலியாட்கள் மண்வெட்டியுடன் சில நாட்களில் முடிக்கும் வேலை.

இனி, அதே வளவில் உட்புறம் 20 அடிக்கு 15 அடியான நிலவறை ஒன்றை வைத்துக் கணக்கிடுவோம். தரை, நிலமட்டத்துக்கு 8 அடி கீழே. சுவர் ஓரடித் தடிப்பு. அடித்தளக் கொங்கிறீற்று ஒன்றரை அடி, மேற்தளம் அரையடி. வெளியளவு 22 அடிக்கு 17 அடி. கிடங்கின் ஆழம் ஒன்பதரை அடி. இவ்வறை நிலத்துள் அடைக்கும் இடம் ஏறத்தாழ 36 கியூப். ஆனால் 36 கியூப் மணலை அகற்றினாற் போதாது. மணல் செங்குத்தாக நில்லாது. ஓரடி ஆழத்துக்கு ஒன்றரை அடி சரிவு விட்டுத் தோண்டுவதாயின், கிடங்கின் வாய் ஐம்பதரை அடிக்கு நாற்பத்தைந்தரை அடியாக விரியும். அதன் பரப்பு 2,298 சதுர அடி. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி ஆகையால் எட்டு பேர்ச்சுக்கு மேல். பத்துப் பேர்ச் வளவில் எட்டு பேர்ச்சைக் கிடங்கின் வாய் விழுங்கிவிடும்! தோண்டும் மணல் 114 கியூப். மூன்று கியூப் ஏற்றும் டிப்பர் வண்டிக்கு 38 நடை. அம்மணலில் ஒரு பகுதியைப் பின்னர் மீள நிரப்பவேண்டும். அதுவரை குவித்து வைக்க வளவில் இடமில்லை. அண்டை வீட்டின் அத்திவாரத்தை மணல் இழுத்துவிடாதிருக்க இரும்புத் தகடுகளை இறக்கி அணைகட்டலாம். அதற்கு இயந்திரம் வேண்டும், இயந்திரத்துக்கு நாள் வாடகை வேண்டும்.

இவை யாவும் வறண்ட மணலுக்கான கணக்கு. இக்கரையில் மணல் வறண்டதன்று. கடற்கரையிற் பூவல் தோண்டி நன்னீர் மொள்ளும் பெண்கள், சிறிது ஆழத்திலேயே நீர் ஊறும் என்பதை எந்தப் பொறியியலாளருக்கும் முன்பே அறிந்திருந்தனர். வடகீழ்ப் பருவமழையின் பின் கிணறுகளில் நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். நிலத்திலிருந்து மூன்றடி ஆழத்தில் நீர்மட்டம் நிற்பதாகக் கொண்டால், நமது நிலவறையின் அடித்தளத்தைக் கீழிருந்து ஆறரை அடி நீர் மேல்நோக்கித் தள்ளும். ஒரு கன அடி நீரின் எடை 62.4 இறாத்தல். 374 சதுர அடிப் பரப்பில் அவ்விசை 1,51,700 இறாத்தல், ஏறத்தாழ 69 தொன். அடித்தளக் கொங்கிறீற்றின் எடையோ, கன அடிக்கு 150 இறாத்தலாக, 84,000 இறாத்தலே. எனவே தளம் இட்டவுடன் நீரிறைப்பதை நிறுத்தினால் அத்தளம் தோணிபோல எழும்பும். சுவர்கள் முழுதும் எழுந்த பின்னரே எடை நீரின் விசையை மேவும். மேற்தளமும் சேரும்போது மொத்தம் 2,01,000 இறாத்தல் ஆகும். அப்போதும் ஆபத்து நீங்குவதில்லை. வெள்ளக்காலத்தில் நீர் நிலமட்டத்தைத் தொட்டால் தள்ளுவிசை 2,21,700 இறாத்தலாக உயரும். மேலே வீடு எழும்பாத நிலையில் வெற்று நிலவறை அவ்வெள்ளத்திற் பெயரும். ஆர்க்கிமிடீசின் விதி செல்வரையும் வறியரையும் ஒருபடியாகவே நடத்துவது. அதற்கு விடையிறுக்கும் ஆற்றல்தான் ஒருபடியாக இல்லை.

விடையிறுப்பதன் விலை என்ன? மேற்கூறிய கொங்கிறீற்று 13.4 கியூப். நீர் கசியாதிருக்க ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற செறிந்த கலவை வேண்டும். அதில் கியூபுக்கு 22 மூட்டைக்கு மேற் செல்லும். மொத்தம் 300 மூட்டை சீமெந்து, கம்பி நீங்கலாக. வெளிப்புற நீர்காப்புப் பூச்சு, இரவு பகலாக ஓடும் நீரிறைப்பு இயந்திரம், அதற்கு எரிபொருள், காவலாள் ஆகியன மேலதிகம். நீரிறைப்பினைப் பலர் 'இதர செலவு' என்ற ஒற்றை வரியில் அடக்கிவிடுவர். அது பெரும் பிழை. தளமிட்ட நாள் தொட்டுச் சுவர் முற்றும் நாள்வரை இயந்திரம் ஒரு மணிநேரமும் ஓயக்கூடாது. மின்வெட்டு நேரும் நாட்டில் இரண்டாவது இயந்திரமும் ஆயத்தமாக இருக்கவேண்டும். இவ்வளவும் ஒரு 300 சதுர அடி அறைக்கு. இச்செலவின் ஒரு பகுதியைக் கொண்டு அதேயளவு மாடியறையைக் காற்றோட்டத்துடன் எழுப்பலாம். ஆதலால் இக்கரையோரத்தில் நிலவறையுடன் கூடிய புதுவீட்டின் மதிப்பீடு என்பது, பெரும்பாலோருக்கு அவ்வெண்ணத்தைக் கைவிடுவதற்கான காரணங்களின் பட்டியலாகவே அமையும். மேசன்மார் பலர் கணக்கிடாமலே இதனைச் சொல்லிவிடுவர். கணக்கிட்டுக் காட்டுதல் ஆய்வாளர் பணி.

நிலவறையின் வர்க்கப் பண்பு இடத்துக்கிடம் மாறுபடுவது கவனத்துக்குரியது. 1845இல் வெளியான, இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய தமது நூலில் எங்கெல்ஸ் லிவர்பூல் நகரின் நிலவறைகளைப் பற்றி எழுதினார். 7,862 ஈரநிலவறைகளில் 45,000க்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர் என்பது அவர் தரும் கணக்கு. அங்கே நிலவறை ஏழைகளின் கதியாயிருந்தது. அதே நாட்டின் தலைநகரில் இந்நூற்றாண்டின் செல்வர்கள், மாளிகையின் கீழே இரண்டு மூன்று தளங்கள் தோண்டி நீச்சற்குளம் அமைக்கின்றனர். தொழில்நுட்பம் ஒன்றே; நிலத்தின் விலை ஏறும்போது அதன் உடைமையாளர் மாறுகின்றார். ஒலுவிற் கரையிலோ வறியவருக்கு நிலவறை துன்பமாகவும் வாய்ப்பதில்லை, வசதியாகவும் வாய்ப்பதில்லை.

இனி, யார் யாருக்காகக் கட்டுகின்றனர் என்ற வினா. எங்கெல்ஸ் 1872-73இல் எழுதிய வீட்டுப் பிரச்சினை பற்றிய கட்டுரைகளில், தொழிலாளியைச் சிறு வீட்டுக்கு உடைமையாளன் ஆக்குவதால் அவன் விடுதலை பெறான், ஓரிடத்திற் கட்டுண்டு பேரம்பேசும் வலுவை இழப்பான் என வாதிட்டார். இவ்வாதத்தை இயந்திர ரீதியாக நமது கிழக்குக் கரைக்குப் பெயர்த்தல் பொருந்தாது. இங்கு வீடு பெரும்பாலும் ஆணின் உடைமையன்று. தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், தாய்வழிக் குடி முறை வழங்கும் இப்பகுதியில், வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்படுவது. மணமகன் அவ்வீட்டுக்கு வந்துசேர்பவன். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். இரண்டு பெண்மக்கள் இருப்பின் இரண்டு வீடுகள். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பின்வளவிற் சிறு கொட்டிலுக்கு ஒதுங்குவதும், இளையவளுக்காக மீண்டும் அத்திவாரம் வெட்டுவதும் வழமை.

இதன் இருமுகத்தையும் காணாதவர் இச்சமூகத்தைக் காணாதவர். பெண்ணின் பெயரில் உறுதி இருப்பது அவளுக்கு உண்மையான காப்பு. மணம் முறிந்தால் வெளியேறுபவன் கணவனே. மறுபுறம், அவ்வீட்டை முடிப்பதற்காகத் தாயொருத்தி இரண்டு வருட ஒப்பந்தத்தில் வளைகுடா நாடொன்றின் வீட்டில் வேலைசெய்யப் புறப்படுகிறாள். பிறர் வீட்டுத் தரையைத் துடைத்து ஈட்டிய பணம் தன் மகள் வீட்டுத் தரையாகிறது. மதிப்பீட்டுத் தாளில் அது வரவாகக்கூட எழுதப்படுவதில்லை. கொங்கிறீற்று இட்டபின் குறைந்தது ஏழு நாட்கள் நீரூற்றி ஈரமாக வைத்திருக்கும் வேலையைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளுமே செய்கின்றனர். கொங்கிறீற்றின் உறுதியிற் பெரும்பங்கு அவ்வேலையைப் பொறுத்தது. மேசனுக்கும் கையாளுக்கும் ஓடாவிக்கும் நாட்கூலி உருப்படி உண்டு, இதற்கு இல்லை. மாடியின் மேல் வானத்தை நோக்கி நீட்டிநிற்கும் தூண்கம்பிகளைக் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுவரை எங்கும் காணலாம். அவை இன்னும் மணமுடியாத மகளின் வீட்டுக்கான முதலீடு. உப்புக்காற்றில் அவை துருப்பிடிக்கின்றன. வருடங்கள் கழித்து மேலே கட்டும்போது துருவேறிய பகுதியை வெட்டி நீக்கிப் புதுக்கம்பி இணைக்கும் செலவையும் மதிப்பீட்டிற் சேர்த்தல் வேண்டும்; சீமெந்துச் சாந்தால் கம்பிகளை மூடிவைப்பது அதனினும் மலிவு.

வீடு இவ்வாறு போகத்துக்குப் போகம், கடிதத்துக்குக் கடிதம் எழுவதால், மதிப்பீடு ஒரு நாளின் விலையில் நிற்பதில்லை. 2021இன் தொடக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாவாக இருந்த சீமெந்து மூட்டை, நாடு வெளிநாட்டுக் கடனை இறுக்க இயலாதென அறிவித்த 2022இன் நடுப்பகுதியில் மூவாயிரத்தை அண்மித்தது. அவ்வாண்டு செப்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். நாம் மேலே கண்ட 300 மூட்டைக்கும் முன்பு மூன்று இலட்சம் போதுமாயிருந்தது. பின்னர் ஒன்பது இலட்சம் வேண்டியதாயிற்று. ஆதலின் அளவுகளைத் தனியாகவும் விலைகளைத் தனியாகவும் எழுதிவைக்கும் வழக்கம் மிகவும் இன்றியமையாதது. விலை மாறினாலும் அளவு மாறாது; கொந்தராத்துக்காரர் மொத்தத் தொகையை மட்டும் காட்டி விலையேற்றத்தைக் காரணங்கூறுமிடத்து, அளவுப்பட்டியல் கையிலுள்ளவரே அவருடன் வாதிட வல்லவர்.

மதிப்பீட்டை அரசு எழுதும்போது நிலைமை வேறு. 2004 திசம்பர் 26ஆம் நாளின் கடற்கோளில் இலங்கையில் ஆகக்கூடிய உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். மாண்டவர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். அதன்பின் முழுதாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபா, பகுதி சேதமுற்ற வீட்டுக்கு ஓரிலட்சம் ரூபா என வகுக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக்கட்டலாகாது என்ற தடையும் முதலில் விதிக்கப்பட்டுப் பின்னர் தளர்த்தப்பட்டது. ஒடுங்கிய மணற்பட்டியில் 200 மீற்றர் என்பது சில ஊர்களில் ஊரின் பெரும்பகுதி. ஒரே தொகை, ஒரே தூரம் என்னும் இவ்விதிகள் சமத்துவம் போலத் தோன்றுவன. வளவின் அளவும் ஊரின் அகலமும் சமமாக இல்லாதவிடத்து அவற்றின் விளைவு சமமாக இராது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியுடன் கட்டிமுடிக்கப்பட்ட 500 வீடுகளோ, யாருக்கு எவ்விகிதத்திற் பகிர்வது என்ற இனவழிப் பிணக்கிலும் வழக்கிலும் சிக்கிப் பல ஆண்டுகள் ஆளின்றிப் பூட்டிக்கிடந்தன. செலவு செய்யப்பட்டது, வீடு பயன்படவில்லை. பயன்பாட்டுப் பெறுமதி இல்லாத வீடு என்பது பொருளியற் பாடநூல்களில் வெறும் கற்பனை. நுரைச்சோலையில் அதற்குக் கதவும் சன்னலும் இருந்தன.

ஒலுவிலைப் பொறுத்தவரை இவ்வனைத்தையும் மேவிய ஒரு விடயம் துறைமுகம். எம். எச். எம். அஷ்ரப் துறைமுக அமைச்சராயிருந்த காலத்து எண்ணக்கரு அது; 1999இல் வெளிச்சவீடு எழுந்தது. தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அவர் காலத்தில் இவ்வூரில் வேர்கொண்டதே. துறைமுகக் கட்டுமானம் 2008இல் தென்மார்க்கின் கடனுதவியுடன் தொடங்கிற்று. 2013 செப்தெம்பர் முதலாம் நாள் திறந்துவைக்கப்பட்டது. வணிகத் துறைமுகமாக அது எண்ணத்தக்க கப்பல்களைக் காணவில்லை. இக்கரையில் மணல் ஆண்டுமுழுவதும் கரைவழியே நகர்வது. அதன் நிகரப் போக்கு தெற்கிருந்து வடக்காக. கடலுக்குள் நீட்டப்பட்ட அலைதடுப்பு அணைகள் அம்மணலைத் தெற்கே தேக்கின. நுழைவாயிலும் மணலால் அடைபட்டுப் படகுகள் முடங்கின. வடக்கே ஒலுவில் ஊரின் கரையும் நிந்தவூர்க் கரையும், போன மணலுக்கு ஈடாக வரவேண்டிய மணல் வராமையால், அரிக்கப்பட்டன. தென்னைகள் சாய்ந்தன, வாடிகளும் கரைவலை இழுக்கும் இடங்களும் கடலுட் சென்றன. துறைமுகத்துக்குக் காணி கொடுத்தோரின் இழப்பீடு நெடுங்காலம் பேசப்பட்டது. வடக்கே காணி கரைந்தோர் எவருக்கும் எதனையும் 'கொடுத்தவர்' அல்லர். ஆதலால் அவர்களை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவதென்றே தெரியாத நிலை. துறைமுகத்தின் செலவிற் கல்லும் கொங்கிறீற்றும் கணக்கில் ஏறின. வடக்கே மறைந்த கரை, ஒரு நிலவறையின் நீரிறைப்புச் செலவைப் போல, இதரத்தினுள்ளும் ஏறவில்லை.

இங்கே புதுவீடு கட்ட எண்ணுவோர் மதிப்பீட்டின் முதல் வரியாக எழுதவேண்டியது இடம் பற்றிய ஓர் அளவை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பேணற் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்புறமாக 300 மீற்றர் கரையோர வலயமாகும். அதனுட் கட்டுவதற்கு உரிய திணைக்களத்தின் அனுமதி தேவை. கட்டுமான மணல் எடுப்பதற்கும் ஏற்றுவதற்கும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் புவிச்சரிதவியற் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நிலவறைக்கெனத் தோண்டிய மணலை வளவுக்கு வெளியே கொண்டுசெல்வோரும் அதனை முன்கூட்டியே விசாரித்தல் நன்று. முந்நூறு மீற்றரை அளக்கத் தொடங்கும் கோடு நிலையானதன்று. கடல் உள்ளே வரும்போது அதுவும் வருகிறது. துறைமுகத்துக்கு முன்பு அவ்வலயத்துக்கு வெளியே அத்திவாரமிட்ட வீடு, தான் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, இன்று அதனுள்ளே நிற்கக்கூடும். அதன் மாடியில் நீட்டிநிற்கும் கம்பிகளின்மேல் இளைய மகளுக்குச் சுவரெழுப்ப, அவளது தந்தை இப்போது அனுமதி கேட்கவேண்டியிருக்கும்.